பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை



ராடார் என்றதும் விமான நிலையம் நினைவுக்கு வரும், போர்க்கப்பல் நினைவுக்கு வரும், புயல் நேரத்தில் தொலைக்காட்சியில் காட்டும் வண்ண வண்ண மழைப் படம் நினைவுக்கு வரும். இன்று அவற்றை எல்லாம் ஒதுக்கிவைக்கிறேன். பூமியைச் சுற்றிக்கொண்டே நம் மண்ணையும் கடலையும் அளந்துகொண்டிருக்கும் ராடார் செயற்கைக்கோள்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதிலும் ஒரு கருத்தைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லப்போகிறேன். அவை பார்ப்பது பெரிதல்ல. மறுபடி பார்ப்பதுதான் பெரிது.

படம் எடுக்கும் செயற்கைக்கோள்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றனவே, ராடார் எதற்கு? நியாயமான கேள்வி. கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும், திறந்த வானம் வேண்டும். பூமியின் பாதி எப்போதும் இருட்டில் இருக்கிறது. எந்த நேரத்தில் எடுத்துக்கொண்டாலும் உலகத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மேகம் மூடியிருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இந்தக் காவிரிப் படுகையின் மேல் வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? சம்பா நட்டு, மழை கொட்டி, வாய்க்கால் உடைந்து, எங்கே வயல் எங்கே ஏரி என்று தெரியாமல் தவிக்கிற அந்த வாரத்தில்தான் மேலிருந்து ஒரு பார்வை வேண்டும். அந்த வாரத்தில்தான் கேமராவுக்கு வெள்ளை மேகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது.

ராடார் வெளிச்சத்துக்குக் காத்திருப்பதில்லை. சந்தையில் பானை வாங்குகிறவர் என்ன செய்கிறார்? விரலை மடக்கித் தட்டுகிறார், காது கொடுத்துக் கேட்கிறார். சூளையில் நன்றாக வெந்ததா, எங்கேனும் விரிசல் இருக்கிறதா என்று ஒலியே சொல்லிவிடுகிறது. ராடார் செயற்கைக்கோளும் அப்படியே. ரேடியோ அலையால் பூமியை ஒரு தட்டுத் தட்டுகிறது. திரும்பி வருவதைக் கேட்கிறது. எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து போய்த் திரும்ப அந்த அலைக்கு ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம் போதும். மேகத்தில் உள்ள நீர்த்துளிகள் மிக மிகச் சிறியவை. பல சென்டிமீட்டர் நீளமுள்ள அலை அவற்றைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோய்விடுகிறது. இரவானால் என்ன, பகலானால் என்ன?

திரும்பி வருவதில் என்ன தெரியும்? அசையாத நீர்ப்பரப்பில் சாய்வாகப் படும் அலை எதிர்ப்பக்கம் தெறித்து ஓடிவிடும், செயற்கைக்கோளுக்குத் திரும்பாது. எனவே தண்ணீர் கறுப்பாகத் தெரியும். பயிர் நிற்கும் வயலிலும் காட்டிலும் பட்ட அலை நாலாபக்கமும் சிதறும், கொஞ்சம் திரும்பும். அவை சாம்பல் நிறம். தரையிலும் சுவரிலும் மாறி மாறி மோதி அப்படியே திரும்பிவிடுவதால் கட்டடங்கள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அலையின் நீளம் மாறினால் பார்வையும் மாறும். மூன்று சென்டிமீட்டர் அலை இலைநுனியோடு நின்றுவிடும். இருபத்து நான்கு சென்டிமீட்டர் அலை கிளைக்குள் புகுந்து அடிமரம் வரை போகும். 2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய பயோமாஸ் என்ற செயற்கைக்கோளின் அலை ஏறத்தாழ எழுபது சென்டிமீட்டர் நீளம். அடர்ந்த வெப்பமண்டலக் காட்டில் எவ்வளவு மரம் நிற்கிறது என்று கணக்கிடுவதற்காகவே அது போயிருக்கிறது.

ஆனால் இதில் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. ராடார் அலை போகப் போக அகன்றுகொண்டே போகும். பத்து மீட்டர் நீள ஆன்டெனாவை எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் வைத்து இருபத்து நான்கு சென்டிமீட்டர் அலையை அனுப்பினால், அது தரையில் விழும்போது ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கும். அந்த அகலத்தில் ஒரு தாலுகாவே மொத்தமாக ஒரு புள்ளியாகிவிடும். 25 மீட்டர் துல்லியம் வேண்டுமா? எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆன்டெனா கட்ட வேண்டும். யாரால் முடியும்?

1951-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், குட்இயர் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கார்ல் வைலி என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆன்டெனா நீளமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறதே! ஓடும் வழியெல்லாம் தட்டிக்கொண்டே போகட்டும். ஒவ்வொரு எதிரொலியையும் பத்திரமாக எழுதி வைப்போம். பிறகு கணக்குப் போட்டு அத்தனையையும் ஒன்றுசேர்த்தால், கடந்து வந்த வழி முழுவதும் ஒரே ஆன்டெனாவாக ஆகிவிடாதா? ஆகிவிட்டது. செயற்கைக்கோள் ஒரு நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. தரையிலுள்ள ஓர் இடம் இரண்டரை நொடி அதன் அலைக்குள் இருந்தால் போதும், பல கிலோமீட்டர் நீள ஆன்டெனா கிடைத்துவிடுகிறது. இரும்பால் செய்ய முடியாததை இங்கே கணக்கு செய்துவிட்டது. மாணவர்களே, கணக்கு எதற்குப் பயன்படும் என்று யாராவது உங்களிடம் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அந்தக் கணக்கை விண்வெளியிலிருந்து உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது சீசாட். 1978 ஜூன் மாதம் நாசா ஏவியது. கடலைப் பார்ப்பதற்கென்றே போன செயற்கைக்கோள். அலையைப் பார்த்தது, காற்றின் வேகத்தைக் கணித்தது, கடல்மட்டத்தை அளந்தது. நூறு நாளைத் தாண்டியதும் மின்கசிவில் ஓய்ந்துவிட்டது. ஆயுள் அவ்வளவுதான். ஆனால் அதன் பின்னால் வந்த எல்லாமே அதன் வழித்தோன்றல்கள்.

கடல் என்றதும் நம் நெஞ்சில் ஒரு தேதி தைக்கிறது. 2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்து சுமார் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தபோது டோபெக்ஸ்–பொசைடன், ஜேசன்-1 என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் தற்செயலாக இந்துமாக் கடலைக் கடந்தன. இவை படம் எடுப்பவை அல்ல. நேர் கீழே அலையை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்துக் கடல்மட்டத்தை ஒருசில சென்டிமீட்டர் பிசகில் அளப்பவை. அவை அளந்த சுனாமியின் உயரம் என்ன தெரியுமா? நடுக்கடலில் ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர். முழங்கால் உயரம்தான்! அந்த முழங்கால் உயரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடந்ததால் நடுக்கடலில் இருந்த படகுகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரை நெருங்கி ஆழம் குறைந்த இடத்தில் அதே அலை எழுந்து நின்று நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் என்ன செய்தது என்பதை இந்த மாவட்டங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தச் செயற்கைக்கோள்கள் நம்மை எச்சரித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. அந்த எண்கள் தரைக்கு வந்து, கணக்கிடப்பட்டு, மனிதர் கண்ணில் படும்போது எல்லாம் முடிந்திருந்தது. எச்சரிப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். நிலநடுக்கமானிகளையும் கடலடியில் அழுத்தம் அளக்கும் கருவிகளையும் நம்பி 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. ராடாரின் பயன் வேறு. நடுக்கடலில் சுனாமி எப்படி நடந்துபோகிறது என்று கணினிகள் போட்டுவைத்திருந்த கணக்கு சரியா என்று சரிபார்க்க உண்மையான அளவு கிடைத்தது. இன்னொன்றும் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலிருந்து அதே வகைச் செயற்கைக்கோள்கள் அதே பாதையில் அதே கடலை விடாமல் அளந்துவருவதால்தான் உலகக் கடல்மட்டம் அதன் பின் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஒரு வருட அளவை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியுமா? மறுபடி பார்த்ததால் வந்த அறிவு இது.

இன்னொரு தேதி. 2017 ஜனவரி 28. எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே விடியற்காலையில் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கசிந்தது. எண்ணெய் படர்ந்த இடத்தில் கடலின் சிற்றலைகள் அடங்கிவிடும். அடங்கினால் ராடாரில் கறுத்துவிடும். மறுநாளே சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ராடார் செயற்கைக்கோளின் படத்தில் அந்தக் கறுப்புப் படலம் பதிவாகியிருந்தது. வானத்தில் அவ்வளவு நுட்பம்! கரையில் என்ன நடந்தது? மீனவர்களும் கடலோரக் காவல் படையினரும் தொண்டு செய்ய வந்த இளைஞர்களும் பிளாஸ்டிக் வாளிகளில் எண்ணெய்ச் சேற்றை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்த காட்சியை நீங்கள் எல்லோரும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். மேலே அந்தக் கண், கீழே இந்த வாளி. இந்த இடைவெளியை எந்த ராக்கெட்டாலும் நிரப்ப முடியாது.

கடலிலிருந்து கரையேறுவோம். கரையேறியதும் பாலைவனம். 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடம் தன் இரண்டாவது பயணத்தில் ஒரு ராடாரைச் சுமந்து போனது. எகிப்துக்கும் சூடானுக்கும் இடையே சகாராவின் வறண்ட மணற்பரப்பைக் கடந்தபோது எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். மணலைக் காணோம். மணலுக்கு அடியில் புதைந்து கிடந்த பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் தெரிந்தன! ஈரமே இல்லாத மணலில் நீண்ட அலை ஒன்றிரண்டு மீட்டர் இறங்கி, அடியிலுள்ள பாறையில் பட்டுத் திரும்பியிருந்தது. நம் ஊர் மண்ணில் இது நடக்காது. கொஞ்சம் ஈரம் இருந்தாலே அலை மேலேயே நின்றுவிடும். எனவே செயற்கைக்கோள் நம் வயலுக்கு அடியிலுள்ள புதையலைக் காட்டும் என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்போது இந்தப் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் ஒருமுறை பார்த்தாலே ஓரளவு தெரிவது. இனிச் சொல்வது இருமுறை பார்த்தால் மட்டுமே தெரிவது.

திரும்பி வரும் எதிரொலியில் எவ்வளவு பிரகாசம் என்பது ஒரு செய்தி. அந்த அலை தன் மேட்டில் வந்து சேர்ந்ததா, தன் பள்ளத்தில் வந்து சேர்ந்ததா என்பது இன்னொரு செய்தி. ஒரு படத்தில் இந்த இரண்டாவது செய்தி வெறும் குழப்பமாக இருக்கும். ஆனால் செயற்கைக்கோள் அதே பாதையில் திரும்பி வந்து, அதே கோணத்தில் அதே இடத்தை மறுபடி பார்த்து, இரண்டையும் கழித்துப் பார்த்தால்? தரை ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலும் அலை கொஞ்சம் தள்ளி வந்து சேரும். அந்த வித்தியாசம் வண்ண வளையங்களாக எழுந்து நிற்கும்.

1992 ஜூன் 28 அன்று கலிபோர்னியாவின் லாண்டர்ஸ் பகுதியில் பெரும் நிலநடுக்கம். பிரான்சைச் சேர்ந்த திதியே மாசொனேயும் அவருடைய குழுவினரும் இ.ஆர்.எஸ்-1 என்ற செயற்கைக்கோள் நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கழித்தார்கள். 1993-இல் நேச்சர் இதழில் வெளியான அந்தப் படத்தில் பாலைவனம் முழுக்க வளையம் வளையமாக நிரம்பியிருந்தது. ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே தரை அசைந்த அளவு 28 மில்லிமீட்டர். எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து, அங்கே ஒரு கருவியைக்கூட நடாமல், ஒரு மனிதனைக்கூட அனுப்பாமல்! இதைக் கேட்டு உடம்பு சிலிர்க்காதவர் யார்?

இந்தச் சிலிர்ப்போடு உங்களை ஜோஷிமடத்துக்கு அழைத்துப் போகிறேன். உத்தராகண்டின் மலைச்சரிவில் இருக்கும் ஊர். பத்ரிநாத்துக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போக வேண்டும். 2023 ஜனவரியில் வீட்டுச் சுவர்கள் வாய்பிளந்தன, மக்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் ஆய்வு ஒன்றை வெளியிட்டது. 2022 டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை, பன்னிரண்டே நாளில், ஊரின் நடுப்பகுதி 5.4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் மெல்ல மெல்ல இறங்கியிருந்தது. செய்தி நாடெங்கும் பரவியது. சில நாளில் அந்த அறிக்கை இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது. ஊடகங்களிடம் பேச வேண்டாம் என்று ஆய்வு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் போனது. பீதி பரவக்கூடாது என்பது காரணம்.

எனக்கு இதில் இரண்டு வருத்தங்கள். அறிக்கையை நீக்கியது ஒரு வருத்தம். வீடு இறங்குகிறவனுக்கு அது எவ்வளவு இறங்குகிறது என்று அறிய உரிமை இல்லையா? அதைவிடப் பெரிய வருத்தம் வேறொன்று. அந்த ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான ஒன்பது சென்டிமீட்டர் இருக்கிறதே, அது சுவர் பிளப்பதற்கு முன்பே படங்களில் இருந்தது. செயற்கைக்கோள் பார்த்துவிட்டது. மறுபடியும் பார்த்துவிட்டது. இரண்டையும் கழித்துப் பார்ப்பது யாருடைய அன்றாட வேலையாகவும் இல்லை. விரிசல் விட்ட பிறகு எடுத்துக் கழித்தோம். மலைச்சரிவில் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் இதை மாதாமாதம் செய்வதற்கு நம்மிடம் அறிவும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். அதை வேலையாக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேளாண் பெருமக்களே, பொறுமையாகக் காத்திருக்கிறீர்கள். நெல்லுக்கு வருகிறேன்.

நெல்லைப் போல ராடாருக்குப் பிடித்த பயிர் வேறில்லை என்பேன். சேறடித்து, பரம்படித்து, தண்ணீர் கட்டிய வயல் ராடாரில் கறுப்பு. நட்டு, தூர் வெடித்து, பயிர் எழ எழ வயல் வெளுத்துக்கொண்டே வரும். கதிர் விட்டு முற்றும்போது மறுபடி கொஞ்சம் மங்கும். கறுப்பு, வெளுப்பு, மங்கல். இந்த நடையை வேறு எந்தப் பயிரும் நடப்பதில்லை. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து வரிசையாக வைத்தால், எந்த ஊரில் எந்த வாரத்தில் நடவு நடந்தது, எங்கே நடவே நடக்கவில்லை என்பது தெரிந்துவிடும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் முதலியவற்றோடு சேர்ந்து கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சென்டினல்-1 படங்களிலிருந்து நம் மாநிலத்தின் நெல் பரப்பையும் விளைச்சலையும் கணித்துவந்திருக்கிறது. அந்தக் கணிப்புகள் பயிர்க் காப்பீட்டுக்கும் பயன்பட்டன.

உடனே உங்கள் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடுவதைப் பார்க்கிறேன். என் வயல் அதில் தெரியுமா? நேர்மையாகச் சொல்கிறேன். சென்டினல்-1 பார்வையின் துல்லியம் ஏறத்தாழ இருபது மீட்டர். நம் கணக்கில் ஒரு மா நிலம் முப்பத்துமூன்று சென்ட். அதில் இருபதுக்கு இருபது மீட்டர் கட்டங்கள் மூன்றுதான் விழும். வரப்பும் பக்கத்து வயலும் அதில் கலந்துவிடும். மேலும் ராடார் படம் இயல்பாகவே புள்ளி புள்ளியாக இரைச்சலோடு இருக்கும். ஒரு வருவாய்க் கிராமம் முழுவதற்கும் அது சொல்வதை நம்பலாம். ஒரு மா நிலத்துக்காரரிடம் போய், உன் பயிர் நன்றாகத்தான் இருக்கிறது என்று செயற்கைக்கோள் சொல்கிறது என யாராவது வாதாடினால், அவரை வரப்பில் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலுக்கு இது துணை. அடங்கலையே தூக்கிப்போட இது காரணம் ஆகக்கூடாது.

வெள்ளத்திலும் இதே எச்சரிக்கை உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது மேகம் விலகாத வானத்தின் மேலிருந்து நம் நாட்டின் ரிசாட்-1 படமெடுத்தது, வெள்ளப் பரப்பு வரைபடங்கள் தயாராயின. திறந்தவெளியில் நின்ற நீர் கறுப்பாகத் துல்லியமாகத் தெரியும். நகரத் தெருக்களில் அப்படி இல்லை. தேங்கிய நீரிலும் சுவரிலும் மோதித் திரும்பும் அலை சில இடங்களில் இன்னும் வெளுத்துக் காட்டும். அங்கே கணுக்கால் நீரா கழுத்தளவா என்று மாடியில் நின்றவருக்குத்தான் தெரியும்.

ரிசாட்-1 என்றேனே, அது 2012-இல் நாமே வடிவமைத்து ஏவியது. அதற்கு முன்பே, மும்பைத் தாக்குதலுக்கு அடுத்த ஆண்டு, இஸ்ரேலின் துணையோடு ரிசாட்-2 போனது. ராடார் பெரும்பாலும் முதலில் காவலுக்குத்தான் பிறக்கிறது. பிறகுதான் பயிருக்கு வருகிறது. 2025 மே 18 அன்று இஓஎஸ்-09 என்ற ராடார் செயற்கைக்கோளைச் சுமந்த பி.எஸ்.எல்.வி. ராக்கெட் மூன்றாம் கட்டத்தில் தவறியது. மனம் சோர்ந்திருந்த அதே ஆண்டு, ஜூலை 30 மாலை 5.40 மணிக்கு, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் எழும்பியது.

நிசார் நாசாவும் இஸ்ரோவும் 2014-இல் கையெழுத்திட்டுச் சேர்ந்து செய்தது. அமெரிக்காவின் நீண்ட அலை, அகமதாபாத்தில் உருவான நம்முடைய குறுகிய அலை, இரண்டையும் ஒரே செயற்கைக்கோள் அனுப்புகிறது. இருவகை ராடார் அலைகளை இப்படி ஒருசேர ஏந்திப் பூமியைப் பார்க்கும் முதல் செயற்கைக்கோள் அது. மடித்து வைத்த 12 மீட்டர் விட்டமுள்ள வலை ஆன்டெனா 2025 ஆகஸ்ட் 15 அன்று வானத்தில் விரிந்தது. 747 கிலோமீட்டர் உயரத்தில், சுமார் நூறு நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஏறத்தாழ 240 கிலோமீட்டர் அகலப் பட்டையை ஒரே வீச்சில் பார்த்துக்கொண்டு, உலகத்தின் நிலப்பரப்பையும் பனிப்பரப்பையும் 12 நாளில் இரண்டு முறை, மேல்நோக்கிப் போகையில் ஒன்றும் கீழ்நோக்கி வருகையில் ஒன்றுமாகப் பார்க்கும்படி அதன் பாதை அமைக்கப்பட்டிருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆன்டெனா அல்ல. அதன் தரவுகள் இலவசம் என்ற ஒப்பந்தம்தான். சென்டினல்-1 தொடங்கிவைத்த நல்ல வழக்கம் அது. நிசாரின் நீண்ட அலைத் தரவுகள் அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்தின் தளத்தில் கிடைக்கும். நம் அலையின் தரவுகளுக்குத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளம் இருக்கிறது. இந்த ஊரில் கல்லூரி கணினி ஆய்வகம் ஒன்று இருந்தால் போதும். மாணவர்களே, முதலில் திறந்து பார்க்கும்போது ஏமாந்துபோவீர்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள்தான் தெரியும். ஊரே அடையாளம் தெரியாது. அந்த ஒரு படத்தோடு மூடிவிடாதீர்கள். புரட்டாசியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று, தையில் ஒன்று என்று உங்கள் ஊர்ப் படங்களை இறக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். முதலில் ஏரியைத் தேடுங்கள், அது கறுப்பாக இருக்கும். அங்கிருந்து வாய்க்கால் வழியே போனால் உங்கள் வீட்டு வயல் எது என்று தெரிந்துவிடும். எந்தத் தேதியில் நட்டீர்கள் என்று அப்பாவிடம் கேட்டுவைத்துக்கொண்டு, படம் சொல்வது சரியா என்று பாருங்கள். சரியாக இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள்.

கேள்விகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருப்பதாக அவைத் தலைவர் சொன்னார். பின்வரிசையில் அந்த அம்மா வெகுநேரமாகக் கையை உயர்த்தியபடி இருக்கிறார். அவருக்கு முதலில் ஒலிபெருக்கியைக் கொடுங்கள்.